பேச்சுத் தமிழின் தேய்வு: ஈழத்து வரலாற்றினூடே ஒரு நோக்கு

தமிழரின் பேச்சுத் தமிழ் நாளுக்கு நாள் தரங் குன்றி வருகின்றது என்பது இன்று பலராலும் எடுத்துரைக்கப்படும் முறைப்பாடாகும். விழா மேடைகளிலே தலைமையுரை நிகழ்த்துவோர் முதற்கொண்டு வீட்டு விறாந்தையிலிருந்து பேரப்பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் முதியோர் ஈறாக அனைவரும் இதனைக் கூறுகின்றனர். பத்துச் சொற் பேசினால் அவற்றுள் நான்கு ஆங்கிலமாயிருக்கின்றன என்பர். வாக்கியம் முடிவதற்குள் மொழி மாறிவிடுகின்றது என்பர். ழகரம் இளைஞர் நாவில் ஏறுவதில்லை என்பர். இம்முறைப்பாட்டை முற்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேய்வு உண்மை. ஆயினும், எது தேய்ந்தது, எப்பொழுது தேய்ந்தது, எக்காரணத்தால் தேய்ந்தது என்னும் வினாக்களை வரலாற்றின் முன்வைத்து நோக்குவோமாயின், நாம் வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் வேறு, பொறுப்புடையோர் வேறு என்பது தெரியவரும்.

முதலிலே ழகரத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ழகரம் ளகரத்தோடு ஒன்றிப்போய் நெடுங்காலமாயிற்று. ழகரத்துக்காகக் கவலைப்படும் முதியவரே வீட்டுக்குள் 'வாளைப்பளம்' என்றுதான் கேட்கின்றார். அதே பேச்சு வழக்கு, தமிழகத்தின் பெரும் பகுதியில் மறைந்துபோன 'உவன்', 'உது', 'உங்கை' என்னும் உகரச் சுட்டினை இன்றும் பேணி வருகின்றது. 'காற்று', 'சேற்று' முதலிய சொற்களில் வரும் றகர இரட்டையை, தமிழகத்தார் பெரும்பாலும் தகர இரட்டையாக ஒலிக்க, ஈழத்தார் நுனிநா அண்ணத்தின் முன்பகுதியைத் தொட்டுப் பழைய முறையிலேயே ஒலிக்கின்றனர். ஒன்றை இழந்தோம், ஒன்றைக் காத்தோம். இவ்விரண்டையும் ஒருவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுத்து மொழி என்னும் அளவுகோலை எடுத்துப் பேச்சு மொழியை அளந்தால் எக்காலத்துப் பேச்சும் குறைபாடுடையதாகவே தோன்றும். உரையாசிரியர்கள் காலத்திலேயே கொடுந்தமிழ் நிலம் பன்னிரண்டு எனக் கணக்கிடப்பட்டுவிட்டது. பேச்சு வழக்கைக் குறைத்துக் கூறுதல் நமக்குப் புதிதன்று என்பதற்கு அச்சொல்லே சான்றாகும்.

அடுத்து, பிறமொழிச் சொற்கள் கலந்தமையாலேயே பேச்சு கெட்டது என்னும் கருத்தை நோக்குவோம். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்தனர். இவ்விரு காலப் பகுதிகளிலும் நம் பேச்சினுள் நுழைந்த சொற்கள் சிலவல்ல. அலுமாரி, மேசை, வாங்கு, யன்னல், துவாய், சப்பாத்து, பாண், அன்னாசி ஆகியன போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, கக்கூசு ஆகியன ஒல்லாந்தர் தந்தவை. இச்சொற்களை எந்தக் கிழவியும் அந்நியமெனக் கருதுவதில்லை. 'கந்தோருக்கு', 'கந்தோரிலை', 'கந்தோர்க்காரர்' என வேற்றுமையுருபும் விகுதியும் ஏற்று அவை தமிழாகிவிட்டன. பொருள் புதிதாக வந்தது. அதனோடு பெயரும் வந்தது. தமிழிலக்கணம் அதனைத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையுங் குறிப்பிடலாம். போர்த்துக்கேயச் சொல்லாகிய 'சாவி' தமிழகத்தாரின் நாவில் நிலைத்திருக்க, அப்போர்த்துக்கேயரால் நேராக ஆளப்பட்ட யாழ்ப்பாணத்தார் 'திறப்பு' என்னுந் தமிழ்ச் சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். எந்தச் சொல் வரும், எந்தச் சொல் நிலைக்கும் என்பதை ஆட்சியாளரும் அறியார், பண்டிதரும் அறியார்.

அக்காலத்திலே அந்நிய ஆட்சி இருந்தும் பேச்சுத் தமிழின் புழக்கப் பரப்பு சுருங்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியதாகும். காணி கொடுக்கல் வாங்கல், சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு என்றின்னவாறான விடயங்களை ஊரவர் தமிழிலேயே பேசித் தீர்த்தனர். 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தேசவழமை எனத் தொகுப்பித்தபொழுது, அத்தொகுப்பைத் தமிழிற் பெயர்த்துப் பன்னிரண்டு முதலிமார்க்குக் காட்டி அவர்தம் ஒப்புதலைப் பெற்றனர். சட்டத்தை எழுதியவர் ஒல்லாந்தர். ஆனால் அச்சட்டத்தின் சொற்கள் ஊர்ப் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. நொத்தாரிசு என்னும் பதவிப் பெயர் அந்நியம். அவர் எழுதிய 'உறுதி' தமிழ்.

மாற்றம் ஆங்கிலேயர் காலத்தில் நிகழ்ந்தது. 1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த பின்னர், ஆங்கிலம் அரச கருமத்தின் திறவுகோலாயிற்று. நீதிமன்றத்தை எண்ணிப் பார்க்க. சாட்சி தமிழிற் பேசினார். மொழிபெயர்ப்பு முதலியார் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். நியாயவாதிகள் ஆங்கிலத்தில் வாதித்தனர். நீதிபதி ஆங்கிலத்தில் தீர்ப்பளித்தார். தன் காணிக்காக, சில வேளைகளில் தன் உயிருக்காக நிகழும் வாதத்தை, உரியவர் விளங்காது நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தமிழிலே சாட்சி சொல்லலாம். தமிழிலே வாதிக்க முடியாது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்நிலை நீடித்தமையால், மறுத்துரைத்தல், ஐயுறுதல், நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளல், நுணுகி வேறுபடுத்தல் ஆகிய காரியங்களுக்கு வேண்டிய பேச்சுத் தமிழ் அம்மண்டபங்களிலே வளரவில்லை. ஒரு சொல்லும் கலவாமலே மொழியின் ஓர் உறுப்பு இவ்வாறு சூம்பிப்போயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு முயற்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தினார். அவர் முதலில் மாணாக்கர்க்கு ஆங்கிலத்திலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போயினர். தமிழிற் கற்றவர் தம் ஊர்களிலே தங்கித் தம்மவர்க்குத் தொண்டாற்றுவர் என அவர் எண்ணினார். 1860களின் நடுப்பகுதியிலிருந்து கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சேறின. தம் மாணாக்கரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை அவர் ஆக்கினார். தேவைப்பட்டவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு ஏற்பத் திரித்து எடுத்துக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அதற்குச் சான்று. கலப்பு அவர்க்கு ஒரு பொருட்டன்று. வைத்தியனும் நோயாளியும் ஒரே மொழியில் நின்று பேசவேண்டும் என்பதே அவர்க்குப் பொருட்டாயிருந்தது.

ஆனால் 1870இலே கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் நூல்கள் நூலகங்களிலே தூங்கின. தமிழில் மேலை மருத்துவங் கற்பிக்கும் வழக்கம் தொடரவில்லை. இதற்கு அந்நியரை மட்டும் நோவது நேர்மையாகாது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு நின்றவர் நம்மவரே. 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கப்பெற்ற செமினரி, தாய்மொழிக் கல்வியையே ஊக்குவிக்க வேண்டும் என்னும் மிசன் தலைமையின் கொள்கை காரணமாக 1855இல் மூடப்பட்டது. அப்பொழுது அதனை இழந்து வருந்தியவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோர். உத்தியோகம் எம்மொழியில் இருந்ததோ அம்மொழியிலே பிள்ளையைச் சேர்த்தனர். அவர்களைக் குறை கூற எமக்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. நாமும் அதையே செய்கின்றோம்.

இங்கு என் சொந்த அனுபவமொன்றைக் கூற அனுமதிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் அம்மம்மாவை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியர் இளைஞர், தமிழர், எமது மாவட்டத்தவரே. எங்கே நோகிறது என அவர் கேட்டார். "கால் உளையுது, முழங்காலுக்குக் கீழை கடுக்குது, விரலெல்லாம் விறைப்பு, இடைக்கிடை சுள்ளெண்டு குத்துது" என அம்மம்மா ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். வைத்தியர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஆங்கிலத்தில், "இவர் சொல்வது வலியா?" என வினவினார். "ஓம்" என்றேன். அவர் ஒரு சொல்லை எழுதினார். உளைவு, கடுப்பு, விறைப்பு, குத்து என நான்காகச் சொல்லப்பட்டது அத்தாளில் ஒன்றாயிற்று. வைத்தியரை நான் குறை கூறவில்லை. உளைவுக்கும் கடுப்புக்கும் வேறுபாடு யாதென அவர் என்னைக் கேட்டிருந்தால், எனக்கும் அப்பொழுது விடை தெரிந்திராது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவனாகிய எனக்கு! அம்மம்மாவின் பேச்சிலே இலக்கண வழு ஆயிரம் காணலாம். ஆனால் தன் உடம்பில் நிகழ்வதை அவர் தமிழில் நான்காக வேறுபடுத்திச் சொல்ல வல்லவர். நானும் அவ்வைத்தியரும் வல்லரல்லேம். தேய்வு என்று நான் கருதுவது இதனையே.

இனி, தரம் என்னும் அளவுகோலை யார் வைத்திருந்தனர் என்பதை நோக்குதல் வேண்டும். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடக்கினார். அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்க மேடையிலே நின்று, செய்யுளன்றி உரைநடையாய், பொதுமக்கள் விளங்கும் வண்ணம், பிழையறப் பேசும் ஒரு தமிழை அவர் உருவாக்கினார். பாதிரிமாரின் போதனை முறையை அருகிருந்து கண்டவர் அவர். அம்முறையைச் சைவத்தின் பொருட்டுக் கைக்கொண்டார். பேச்சுத் தமிழுக்கு அவர் ஒரு புதிய களத்தைத் திறந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்வழி வந்த பண்டித மரபு, மேடைத் தமிழே தமிழ், வீட்டுத் தமிழ் கொச்சை என்னும் மனப்பாங்கினை உறுதிப்படுத்திவிட்டது. வீட்டுத் தமிழ் பகிடிக்குரியதாயிற்று. நாடகத்தில் அரசன் செந்தமிழ் பேசக் கோமாளி ஊர்த்தமிழ் பேசுவான்.

இந்நிலையைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் 'நானாடகம்' என்னும் நூலால் அசைத்தார். ஒலியியலும் மொழியியலும் கற்ற அவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை உள்ளவாறே எழுத்தில் அமைத்தார். உடையாரும் பேசினார், கமக்காரனும் பேசினான். இருவர் பேச்சும் அச்சில் ஏறிற்று. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகமாக வீடுகளுக்குள்ளே சென்றது. மக்கள் தம் குரலைத் தாமே கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் 1960களின் தொடக்கத்திலே, முற்போக்கு எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பேச்சைத் தம் கதைகளிலே கொணர்ந்தபோது, பண்டிதர் பக்கத்திலிருந்து 'இழிசனர் வழக்கு' என்னும் பழிப்பு எழுந்தது. ஈழத்து இலக்கிய வரலாற்றிலே மரபுப் போராட்டம் என அறியப்படுவது அது. உடையாரின் மிடுக்குப் பேச்சு அச்சில் வந்தபோது சிரித்து இரசித்தவர்கள், கூலி விவசாயியின் பேச்சு வந்தபோது மொழி கெட்டது என்றனர். அளவுகோல் மொழியின் மீது வைக்கப்படவில்லை; பேசுவோனின் பிறப்பின் மீது வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் முன்னிலை வேறுபாடு மிக நுட்பமானது என நாம் பெருமை கொள்கின்றோம். அந்நுட்பம் யாருக்கு 'நீ', யாருக்கு 'நயினார்' என்பதைச் சாதிவழி வகுத்த நுட்பமுமாகும். மொழியியல் அறிஞர் சு. சுசீந்திரராசா 1970களிலே யாழ்ப்பாணத்துச் சாதியமைப்புக்கும் மொழிக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார். இந்நுட்பங்களிற் சில தேய்ந்து வருவது கண்டு கண்ணீர் சொரிய வேண்டியதில்லை என்பது என் துணிபு.

மலையகத் தமிழுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட மக்கள், லயம், பிரட்டு, கங்காணி, துரை, கொழுந்து எனத் தம் வாழ்வுக்கு வேண்டிய சொற்களை எல்லா மூலங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். எமது விடுதியிலே முதலாண்டிற் சேர்ந்த மலையக மாணவர் ஒருவரின் பேச்சைச் சிலர் பகிடி பண்ணியதை நான் கண்டுள்ளேன். சிரித்தவருள் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தமிழிலே அரசியல் வாதம் புரிதல் என்னும் கலையை எடுத்துக்கொண்டால், யாழ்ப்பாணத்துக் கற்றோர் சட்டசபையில் ஆங்கிலத்திற் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கோ. நடேசையர் 1920களிலே 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியும் 1931இலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தும் தொழிலாளர் நடுவே தமிழில் வாதித்துக்கொண்டிருந்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டாக இயற்றிப் பாடினார். சம்பளம், வேலை நேரம், துண்டு முறை, கடன் ஆகியவற்றைத் தமிழிற் கணக்கிட்டுத் தமிழிற் கேட்கும் ஒரு பேச்சு, நீதிமன்றத்திலோ சட்டசபையிலோ அல்லாது, தோட்டத்துப் பொதுக்கூட்டத்திலேயே வளர்ந்தது. எங்கே தமிழிற் காரியம் நடந்ததோ அங்கே பேச்சு வளர்ந்தது.

சுதேச மொழிக் கல்வி வந்தபின் நிலைமை சீர்பட்டிருக்க வேண்டுமன்றோ? 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி மூலம் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறி, 1960 அளவிலே பல்கலைக்கழகக் கலைப் பீடத்தை எட்டிற்று. அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தர், அதற்கு முன்னரே கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டு வழிகாட்டியிருந்தார். எழுத்துத் தமிழ் வியத்தகு முறையில் விரிந்தது. புவியியலும் பொருளியலும் இரசாயனமும் தமிழில் எழுதப்பட்டன. சாதாரண குடும்பத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் படியேறினர். இக்கட்டுரையாசிரியனும் அவ்வழியே வந்தவன்.

ஆயினும் அத்தமிழ் பேசப்படவில்லை. குறிப்பைச் சொல்ல எழுதினோம், எழுதியதைப் பாடமாக்கினோம், பாடமாக்கியதைப் பரீட்சைத் தாளில் ஒப்புவித்தோம். 'ஒளித்தொகுப்பு' என்னும் சொல்லை எழுதத் தெரிந்த மாணவர் பல்லாயிரவர், அதனை வாயாற் சொல்லி, "அது ஏன் இரவில் நடக்கேல்லை?" எனத் தோழனோடு வாதாடியவர் எத்தனை பேர்? கருத்தரங்கிலே கட்டுரையை வாசிக்கும்போது எம்மிடம் செந்தமிழ் உண்டு. வாசித்து முடிந்ததும் ஒருவர் எழுந்து வினவுகின்றார். அவ்வேளை எமக்குத் தமிழ் இல்லை, ஆங்கிலமும் இல்லை, இரண்டின் துண்டுகளும் சில கையசைவுகளும் மட்டுமே உண்டு. எழுத்து வழக்கிற்கும் வீட்டு வழக்கிற்கும் இடையே, கற்றோர் தம்முள் உரையாடுதற்குரிய ஓர் இடைவழக்கு பிறமொழிகளில் உண்டு. நம்மிடையே அது முளைவிட்ட இடம் வானொலியும் மேடையும் தொழிற்சங்கமும் ஆகும், வகுப்பறை அன்று. 2001க்குப் பின்னர் அரச பாடசாலைகளிலே இருமொழிக் கல்வி என்னும் பெயரில் ஆங்கில மூலம் மீண்டும் இடம்பெற்றது. பேசிப் பழகு முன்னரே அப்பாடங்களின் தமிழ் எம்மைவிட்டு நீங்கத் தொடங்கிவிட்டது.

1983, 1990, 1995, 2009 என ஆண்டுகளைக் கூறினாலே போதும், ஊர்கள் பெயர்ந்தன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களோடு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் தமிழும் புத்தளத்துக்குப் பெயர்ந்தது. புலம்பெயர்ந்தோர் வீடுகளிலே தாய் தமிழில் வினவப் பிள்ளை வேறு மொழியில் விடை கூறுகின்றது. அதேவேளை, 1990களின் பிற்பகுதியில் பெருகிய தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும், தமிழகத்துச் சினிமாப் பேச்சை ஒரு பொதுத் தமிழாக எம் வீடுகளுக்குள் கொணர்ந்தன. ஆங்கிலத்து 'ரிக்கற்' என எழுதிய பழைய தலைமுறை, அம்மொழியின் நுனிநா ஒலியைத் தமது றகரத்தோடு பொருத்திச் செவியால் எழுதியது. 'டிக்கெட்' என எழுதும் புதிய தலைமுறை திரையைப் பார்த்து எழுதுகின்றது. விடுதியிலே மட்டக்களப்பு நண்பர் 'மறுகா' என்பதை விட்டுவிட்டார். நான் 'உது' என்பதை விட்டுவிட்டேன். மட்டக்களப்புத் தமிழ் பேச்சு வழக்குகள் யாவற்றுள்ளும் எழுத்து வழக்கிற்கு மிக நெருங்கியது எனக் கமில் சுவெலபில் 1960களில் எழுதியிருந்தார். அந்நண்பர்க்கு அது தெரியாது. அவர் தம் பேச்சு நாகரிகமற்றது என நினைத்தே அதனைக் கைவிட்டார்.

தேய்வு முற்றினால் என்னாகும் என்பதற்கு நாட்டின் மேற்குக் கரை சான்று பகரும். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் 'தமிழ் புளூட்டாக்' என 1859இல் வெளியிட்டார். அவர் காலத்திலே புத்தளம், சிலாபம், நீர்கொழும்புக் கரையோரங்களில் தமிழ் பரவலாகப் பேசப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிலே அக்கரையின் கத்தோலிக்கப் பாடசாலைகளும் வழிபாடும் சிங்களத்துக்கு மாறின. தலைமுறை சில கழியப் பலர் வீட்டிலும் தமிழ் மறைந்தது. நீர்கொழும்பு மீனவரிடையே எஞ்சிய தமிழை ஆராய்ந்தோர், வினைமுற்றிலே தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டும் விகுதிகளே அதில் மறைந்துவிட்டன என்கின்றனர். சிங்களத்தின் செல்வாக்கு அது. பண்டிதரின் அளவுகோலால் அளந்தால் அதனிலும் சிதைந்த தமிழ் வேறில்லை. ஆனால் பள்ளியும் கோயிலும் கைவிட்ட பின்னரும், கடலிலும் கரையிலும் தொழிலிலும் தமிழை விடாது பேசியவர் அவரே. திருத்தமாகத் தமிழ் எழுதிய குடும்பங்கள் பல அதற்கு முன்னரே மாறிவிட்டன. அதே கரையிலுள்ள உடப்பிலோ, கோயிலும் பள்ளிக்கூடமும் தமிழில் நின்றன. ஊர் இன்றும் தமிழ் பேசுகின்றது.

வைத்தியசாலையிலிருந்து திரும்பிய அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, அம்மம்மாவிடம் நோவுக்குரிய சொற்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். உளைவு என்பது நெடுநேரம் நடந்தபின் உள்ளே கிடந்து வருத்துவது. கடுப்பு என்பது ஓரிடத்திலே இறுகி நிற்பது. விறைப்பு நோவன்று, நோவுகூடத் தெரியாத நிலை. இழுப்பு, புரட்டு, அந்தரம் எனப் பக்கம் நிறைந்தது. சில நேரம் பேசாமல் இருந்து பார்த்தவர், கொப்பியை எட்டிப் பார்த்து, "உதெல்லாம் ஒரு சொல்லெண்டே தம்பி குந்தியிருந்து எழுதிறாய்?" என்றார்.